தாரா நீந்துகிறது என்பது பரிசோதனை முடிவு அல்ல

எங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் ஒழுங்கைக்குள் கோழிகள் செத்த விசயம் தங்களுக்குத் தெரியும். தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் வந்தும் போனார். ஆகவே நேரே கேட்கிறேன்: எங்கள் தாராக்களில் (வாத்துகளில்) மாதிரி எடுத்து, முடிவை எழுத்தில் தாருங்கள்.

வந்தவர் வேலிக்கு வெளியே நின்றபடி வாய்க்காலைப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. "தாரா நல்லா நீந்துதுதானே, பறவைக் காய்ச்சல் எண்டா இதுகளும் செத்திருக்கும்" என்றார். செத்த கோழிகளைப் புதைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐயா, அப்படிச் சொல்ல முடியாது. உயிரணுவுக்குள் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. நுழைந்ததும் அதை அறிந்து, வைரஸை எதிர்க்கும் இன்டர்பெரோன் சுரக்கத் தூண்டுவது ரிக்-ஐ என்ற புரதம். அதற்குரிய மரபணு தாராவுக்கு உண்டு, கோழிக்கு இல்லை. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், தாராவின் அந்த மரபணுவைக் கோழி உயிரணுக்களில் இட்டதும் பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் இன்புளுவென்சா வைரஸ் பெருகுவது குறைந்தது. ஆக, தொற்றிய தாரா ஒரு நோயும் காட்டாமல், எச்சத்தோடு வைரஸைத் தண்ணீரில் விட்டபடி நீந்தித் திரியலாம். எல்லா வகை வைரஸுக்கும் இது பொருந்தாது. 2002 கடைசியில் ஹொங்கொங் பூங்காக்களில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தாராக்களையும் கொன்றது. அதனால்தான் கண்பார்வை போதாது என்கிறோம்.

கோழிகள் செத்தது பறவைக் காய்ச்சலாலா, நியூகாசல் என்ற கோழி நோயாலா, வேறேதாலுமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஊரோ தாராதான் கொண்டுவந்தது என்று முடிவுகட்டிவிட்டது. வழக்கமாக முட்டை எடுக்கும் கடைக்காரர், கையில் சொப்பிங் பையைச் சுற்றிக்கொண்டு, என் அம்மாவின் முட்டைத் தட்டைத் திருப்பித் தள்ளினார். அறுவடை முடிந்த வயலில் மேயவிட்டவர்கள் இப்போது வரம்பில் முள் போட்டிருக்கிறார்கள். அடைத்துவைத்துத் தவிடு வாங்கிப் போடுகிறோம். முட்டை குறைந்துபோனது.

கந்தோரில் கேட்டால் மாதிரி எடுக்கும் குச்சி இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, வாகனம் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பீ.சீ.ஆர். என்றால் என்னவென்று எங்கள் ஆச்சிமாருக்கும் தெரியும். வாழ்வாதார உதவியென்று கோழிக்குஞ்சு கொடுத்துப் படம் பிடிக்கும் நாளில் மட்டும் இந்த ஒழுங்கைக்குள் நாலு வாகனம் எப்படி நுழைகிறது? அந்தக் குஞ்சுகளும்தான் இப்போது குழிக்குள் கிடக்கின்றன. சரி, அதை விடுவோம். மரியாதையாகக் கேட்கவே எழுதத் தொடங்கினேன்.

மாரியில் வடக்கேயிருந்து வரும் பறவைகள் இதே வயல்களில் எங்கள் தாராக்களோடு இறங்கும். அதற்கு முன் ஒருநாள் தயவுசெய்து வாருங்கள். பிடித்துத் தர நாங்கள் இருக்கிறோம். தொண்டையிலும் பின்துவாரத்திலும் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவைக் கையொப்பத்தோடு தாருங்கள். நோய் இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள், நட்டஈடு எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் காட்ட அந்தத் தாள் போதும்.

இப்படிக்கு,
தாரா வளர்ப்போர் சார்பில் ஒருவன்