நிறைவேறாத மசோதாக்களும் நமக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் கர்நாடகச் சட்டமன்றச் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். ‘மசோதா தாக்கல்’ என்று ஒரு நாள் செய்தி வரும். அப்புறம் அது என்ன ஆயிற்று என்று பல நேரம் தெரியாமலே போய்விடும். நிறைவேறினால் எண் போட்டு அரசிதழில் வந்துவிடுகிறது. நிறைவேறாவிட்டால் அந்தக் காகிதம் எங்கே போகிறது? நிறைவேறிய மசோதாவே முதலில் எப்படி இருந்தது, நடுவில் என்ன மாறியது என்று பார்க்க ஒரு சாதாரண ஆள் எங்கே போய் நிற்பது? முப்பத்தெட்டு வருடம் பெங்களூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

2002ஆம் வருடம் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அல்சூர் கடைவீதியில் ஒரு தையற்காரர் வாடகைக் கடை வைத்திருந்தார். நான் வேலை பார்த்த வக்கீலின் கட்சிக்காரர் மட்டுமல்ல, எனக்குப் பழக்கமானவரும்கூட. கடைக்காரரைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் போட்ட வழக்கு, பழைய 1961ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. பெயரில் 1999, எண்ணில் 2001. கர்நாடக வாடகைச் சட்டம் 1999, 2001ஆம் ஆண்டின் 34ஆம் சட்டம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வரவேண்டியிருந்ததால் அந்த இடைவெளி. 2001 டிசம்பர் 31 முதல் அமல். வீடுகளுக்குப் பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் போனால் குடியிருப்பவருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. கடை என்றால் சுவர்க் கனத்தையும் சேர்த்த பரப்பு 14 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இல்லை. சட்டத்துக்குள் வராத இடங்களைப் பற்றிய பழைய வழக்குகள் அற்றுப்போகும் என்றும் ஒரு பிரிவு இருந்தது.

எங்கள் சீனியர் வக்கீல் இதைப் படித்துச் சொன்னதும் தையற்காரர் எதுவும் பேசவில்லை. நேராகக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்தார். அறுபது இஞ்ச்தான் அது. ஒவ்வொரு அறுபதுக்கும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, மண்டியிட்டபடியே சுவரிலிருந்து சுவர் வரைக்கும் அளந்தார். சுவர்க் கனத்தையும் சேர்த்துப் பதினோரு அடிக்குப் பதினாலு அடி. 154 சதுர அடி. 14 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 150¾ சதுர அடி. மூன்றேகால் சதுர அடி கூடுதல். ஒரு தையல் மெஷின் நிற்கிற இடம்கூட இல்லை அது. தரையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, “அண்ணா, இந்தப் பதினாலு எங்கேருந்து வந்தது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. சீனியரிடம் போய்ச் சொன்னேன். அவரும் உடனே, “மசோதாவாகத் தாக்கல் ஆனபோது என்ன எண் இருந்தது, அவையில் மாற்றினார்களா, மாற்றினால் யார் திருத்தம் கொண்டுவந்தார்கள், பார்த்துக்கொண்டு வா” என்று அனுப்பினார். மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் ஓர் அலுவலகத்தில் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “ஆக்ட் ஆகிதெயல்லா, பில் யாக்கெ?” சட்டம் ஆகிவிட்டதே, அப்புறம் மசோதா எதற்கு?

இந்த விஷயத்தில் கர்நாடகத்தில் நல்ல வழக்கம் ஒன்று இருப்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கே அச்சாகும் சட்டப் பிரதிகள் பலவற்றில் மசோதாவோடு வந்த நோக்க காரண விளக்கத்தையும் சேர்த்தே போடுகிறார்கள். அதன் கீழே எந்த வருடத்து எத்தனையாவது மசோதா, எந்தக் கோப்பு என்ற எண்ணும் இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ முறை வேலை முடித்திருக்கிறேன். சட்டம் ஏன் வந்தது என்ற பின்னணியைத் தெரிந்துகொள்ள நீதிமன்றங்களும் அந்த விளக்கத்தைப் பார்ப்பதுண்டு. ஆனால் அது தாக்கல் செய்தவர் சொன்ன காரணம் மட்டுமே. உள்ளே எந்தப் பிரிவில் எந்த எண் மாறியது, யார் எதிர்த்தார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது தாக்கலான மசோதாவையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நிறைவேறாத மசோதாவுக்கோ அந்த ஒரு வரியும் கிடையாது. அது ஒட்டிக்கொள்ளச் சட்டமே இல்லையே.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பதினாலு என் மனதை விட்டுப் போகவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். கர்நாடக விதிப்படி விண்ணப்பம் 150 சொல்லுக்குள், ஒரே விஷயமாக இருக்க வேண்டும். 112 சொல்லில் எழுதினேன். முப்பது நாள் கெடு முடிகிற நாளில் பதில் வந்தது. கோப்பு தேடப்பட்டது, கிடைக்கவில்லை. எந்த அலுவலகம் என்று சொல்லி யாரையும் குறை சொல்ல நான் விரும்பவில்லை. பதில் எழுதியவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார், தேடியும் இருப்பார். வைத்திருந்தால்தானே கிடைக்கும்.

இதெல்லாம் பழைய கதை என்று யாராவது நினைக்கலாம். 2024 ஜூலையை நினைத்துப் பாருங்கள். தனியார் நிறுவனங்களில் உள்ளூர்க்காரர்களுக்கு நிர்வாகப் பதவிகளில் 50 விழுக்காடு, மற்ற பதவிகளில் 70 விழுக்காடு வேலை ஒதுக்க வேண்டும் என்ற மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்ததாகச் செய்தி வந்தது. பெரிய விவாதம் கிளம்பி, ஓரிரு நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. அந்த இரண்டு நாள் எங்கள் தெருவில் இருந்த பதற்றத்தை நான் மறக்க மாட்டேன். எதிர்வீட்டுப் பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. “தாத்தா, நான் உள்ளூர்க்காரியா இல்லையா?” என்று கேட்டு வந்தாள். மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும், பதினைந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும், கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. அவள் போனிலேயே மூன்று விதமான வாசகம் வந்திருந்தது. ஒன்றில் நிபந்தனைகளுக்கு நடுவில் ‘மற்றும்’ இருந்தது. இன்னொன்றில் ‘அல்லது’ இருந்தது. வக்கீல் ஆபீசில் ஒரு மாதம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும், அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே இருக்கிறது என்று. எது உண்மையான வாசகம் என்று அவளுக்கு என்னால் காட்ட முடியவில்லை. அவையில் தாக்கலே ஆகாததால் அதற்கு மசோதா எண்ணும் கிடையாது.

அந்த மசோதா சரியா தவறா என்று வாதாட நான் வரவில்லை. கன்னட மண்ணில் கன்னடம் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் பிள்ளைகள் கன்னடத்தில் எழுதுவார்கள், படிப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். லட்சக்கணக்கான பேரைத் தொடக்கூடிய ஒரு வரைவு அமைச்சரவை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. நாளைக்கே இதே பொருளில் வேறொரு மசோதா வந்தால், போன முறை என்ன எழுதியிருந்தார்கள், இப்போது எதை மாற்றியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆதரிக்கிறவர்களுக்கும் எதிர்க்கிறவர்களுக்கும் ஒரே மூலம் வேண்டாமா?

அதே சமயத்தில் நல்ல உதாரணமும் நடந்தது. ஆப் மூலம் வேலை செய்கிற தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புக்கான மசோதாவின் வரைவை அரசு 2024 ஜூன் 29 அன்று கருத்துக் கேட்டு வெளியிட்டது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் சாப்பாடு டெலிவரி செய்கிறவன், சேலத்துக்காரன். அவனுக்காக அதை முழுதும் பிரிண்ட் எடுத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்காருவான். நான் ஒவ்வொரு பிரிவாகத் தமிழில் சொல்வேன். காரணத்தை எழுத்தில் கொடுக்காமல், 14 நாள் முன்னறிவிப்பு தராமல் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னான். “இதை மட்டும் இன்னொரு தடவை படிங்க ஐயா” என்றான். 2025 மே மாதம் அது அவசரச் சட்டமாக வந்தது, ஆகஸ்டில் மசோதாவாக அவையில் நிறைவேறியது. என்னிடம் இருந்த பிரிண்டை எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். 14 நாள் அப்படியே இருந்தது. அவனிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தொழிலாளிக்குத் தன் சட்டம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிந்தது. அதற்குக் காரணம் வரைவு வெளியில் இருந்ததும், நான் அன்றைக்கே பிரிண்ட் எடுத்ததும். எல்லா வீட்டு மாடிப்படியிலும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்க மாட்டான்.

பலருக்கும் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அரசியல் சாசனத்தின் 196ஆவது பிரிவின்படி, கூட்டத்தொடர் முடிந்து அவை ஒத்திவைக்கப்படுவதால் மட்டும் மசோதா செத்துப்போகாது. ஆனால் சட்டப்பேரவை கலைக்கப்பட்டால் பேரவையில் நிலுவையில் இருக்கிற மசோதா காலாவதியாகும். பேரவை நிறைவேற்றி மேலவையில் காத்திருக்கிற மசோதாவும் காலாவதியாகும். மேலவையில் நிலுவையில் இருந்து, பேரவை இன்னும் நிறைவேற்றாத மசோதா மட்டும் தப்பிக்கும். கர்நாடகத்தில் 224 உறுப்பினர் பேரவையும் 75 உறுப்பினர் மேலவையும் இருப்பதால் இங்கே இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஒவ்வொரு முறை பேரவை கலையும்போதும் எந்தெந்த மசோதாக்கள் காலாவதியாயின என்று ஒரு பட்டியல் மக்கள் கண்ணில் படுகிற மாதிரி வர வேண்டும். திரும்பப் பெற்றவை, தேர்வுக் குழுவுக்குப் போய் நின்றவை, தனி உறுப்பினர் கொண்டுவந்து தோற்றவை என எல்லாமும் அதில் இருக்க வேண்டும்.

தோற்ற மசோதாவுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று போதும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மதராஸ் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க 1930இல் மசோதா கொண்டுவந்தார். சட்டமானது 1947இல். பதினேழு வருடம். சட்டத்தை மட்டும் வைத்திருந்தால் 1947தான் தெரியும். அதற்கு முன்னால் ஒரு பெண் தனியாக நின்று வாதாடிய வருடங்கள் தெரியவே தெரியாது. கவுன்சில் நடவடிக்கைகளை அச்சிட்டுப் பத்திரமாக வைத்ததால்தான் இன்று படிக்கிறோம்.

மைசூருக்கும் இந்தப் பாரம்பரியம் உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே திவானாக இருந்த ரங்காச்சார்லு 1881இல் மைசூர் பிரதிநிதி சபையைக் கூட்டினார். முதல் கூட்டத்துக்கு 144 பேர் வந்தார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லாத சபைதான். ஆனாலும் அங்கே யார் எந்தக் குறையைச் சொன்னார்கள் என்பதை அச்சடித்து வைத்தார்கள். இன்றைக்கு மாநில ஆவணக் காப்பகம் விதான சௌதாவுக்குள்ளேயே இருக்கிறது. மசோதா பிறக்கிற கட்டடத்திலேயே காப்பகமும் இருக்கும்போது இதைச் செய்வதற்கு மலையைப் புரட்ட வேண்டியதில்லை.

என்ன செய்ய வேண்டும்? தாக்கலாகும் ஒவ்வொரு மசோதாவையும், தாக்கலான நாளில் இருந்த வடிவத்திலேயே, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நிரந்தரமாக வைக்க வேண்டும். நிறைவேறிய பிறகு பழைய வடிவத்தின் மேல் புதியதை ஏற்றி அழித்துவிடக் கூடாது. எந்தத் தேதியில் எந்தக் கட்டத்தைத் தாண்டியது, கடைசியில் என்ன ஆயிற்று என்று ஒரு வரி கூடவே இருக்க வேண்டும். கருத்துக் கேட்டு வெளியிடும் வரைவுகளுக்கும், அமைச்சரவை ஒப்புதல் பெற்று நின்றுபோனவற்றுக்கும் ஓர் எண் கொடுத்துச் சேர்த்துவிட வேண்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மசோதா பற்றிச் செய்தி போடும்போது மசோதாவின் எண்ணையும் வருடத்தையும் கூடவே போடுங்கள். ஒரு வரிதான் ஆகும். பத்து வருடம் கழித்துத் தேடுகிறவனுக்கு அதுதான் சாவி.

எங்கள் சீனியர் காலமான பிறகு அவர் புத்தகங்களைக் குடும்பத்தார் பழைய பேப்பருக்குப் போடவிருந்தார்கள். மசோதாப் பிரதிகள் இரண்டு கட்டு மட்டும் நான் கேட்டு வாங்கி வந்தேன். பழுப்பேறி, ஓரம் உதிர்கிறது. டேக் துருப்பிடித்த இடத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு காவி வட்டம். விளிம்பில் அவர் பென்சிலில் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. அதில் சில சட்டமாகவே ஆகாதவை. முறையாகப் பெற்றுக்கொண்டு, மற்றவர்களும் பார்க்கும்படி வைப்பதாகச் சொல்லும் எந்த நூலகத்துக்கும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். இதைப் படிக்கும் நூலகர்கள் யாராவது இருந்தால் உங்கள் பத்திரிகை மூலமாகத் தகவல் சொன்னால் போதும், நானே கொண்டுவந்து தருகிறேன்.

தையற்காரர் 2003இல் கடையைக் காலி செய்துவிட்டு ஓசூர் போனார். போன வருடம் சோமேஸ்வரர் கோயில் பல்லக்குத் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவே என் கையைப் பிடித்தார். நலம் விசாரித்து முடித்ததும், “அந்தப் பதினாலு கிடைச்சுதா அண்ணா?” என்றார். இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா,
அல்சூர், பெங்களூரு.