கேட்டலாக் அவ்வளவு மட்டமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஃபேஷன் உலகம் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. பெரிய ஃபேஷன் பத்திரிகைகள்தான் புதுமைக்குத் துணிகின்றன, துணிக்கடைகள் விற்பனைக்காக வெளியிடும் படப் புத்தகங்களான கேட்டலாக்குகள் சந்தைக்குத் தாளம் போடுகின்றன என்கிறார் கட்டுரையாளர். ஆஷ்லி மியர்ஸின் ஆய்வைப் படித்தால் இதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள முடியாது.

அமெரிக்கச் சமூகவியலாளரான மியர்ஸ், முனைவர் பட்டத்துக்காக நியூயார்க்கிலும் லண்டனிலும் தானே மாடலாக வேலை பார்த்தவர். அந்த ஆய்வு 2011-இல் புத்தகமாக வந்தது. அவர் காட்டும் கணக்கு விசித்திரமானது. முன்னணிப் பத்திரிகைக்காக நாள் முழுக்க கேமரா முன் நின்றாலும் 100, 150 டாலர் தேறினால் பெரிது. மேடையில் நடந்ததற்குக் கூலியாக உடையையே கொடுத்தனுப்புவதும் உண்டு. யாரும் மதிக்காத கேட்டலாக்கில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான டாலர் கிடைக்கும். விமான டிக்கெட், வாடகை, போட்டோ அட்டை எல்லாவற்றுக்கும், மாடலுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்சி முதலில் பணம் போட்டுவிட்டு, அப்புறம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அதனால் அட்டைப்படத்தில் வந்த பெண்ணே கடனாளியாக இருக்கலாம். (ஆண் மாடல்களின் கூலி பெண்களுடையதைவிடக் குறைவு. இப்படி வேறு எத்தனை தொழில் இருக்கும்!)

சரி, பெரிய பத்திரிகைகளிடம் காசுதான் பெயராது, துணிச்சலாவது இருக்கிறதா? ‘ஆப்ஷன்’ என்ற வழக்கத்தைப் பாருங்கள். வேலை தருபவர்கள் ஒரு மாடலின் தேதியை முன்கூட்டியே பிடித்துவைப்பதுதான் ஆப்ஷன். அதற்குப் பைசா செலவில்லை, பிறகு வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். யார் யாரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பதை ஏஜென்ட்டுகளே பரப்புவார்கள். பெரிய கை ஒன்று ஒரு பெண்ணுக்கு ஆப்ஷன் போட்டால் போதும், மற்றவர்களும் அவள் பின்னால் வருவார்கள். எந்த முகம் எடுபடும் என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் எல்லோரும் பக்கத்து இலையையே எட்டிப் பார்க்கிறார்கள். அப்படித் தேறுவது பெரும்பாலும் மிக ஒல்லியான, வெள்ளைத்தோல் பெண்கள். கேட்டலாக்காரருக்கோ தன் துணியை வாங்குபவர் யார் என்று தெரியும். அதனால் சற்றே சதைப்பிடிப்பான உடலுக்கும் கறுப்பின முகங்களுக்கும் அங்கேதான் கூடுதல் இடம் கிடைத்தது என்கிறார் மியர்ஸ்.

2024 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் மாடல்களுக்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஏஜென்சியின் கமிஷன் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. அந்தச் சட்டம் பற்றியும் விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
கோவை