'பக்ஸம்' பற்றி ஜான்சன் துரைக்கு

மதிப்பிற்குரிய சாமுவேல் ஜான்சன் துரை அவர்களுக்கு,

வணக்கம். 1755இல் வந்த உங்கள் ஆங்கில அகராதியில் 'பக்ஸம்' (buxom) என்ற சொல்லுக்கு நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு ஒரு சின்ன வழக்கு இருக்கிறது.

இன்று அதைப் பெண்களைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார்கள். அதுவும் பூசினாற்போல் உடம்பும் எடுப்பான மார்பும் உள்ளவர்களை. நீங்களோ முதல் பொருளாகக் 'கீழ்ப்படிகிற' என்று போட்டிருக்கிறீர்கள். குஷி, உல்லாசம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். சரிதான், வளைவதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த சொல் அது. வளைந்து கொடுப்பவர் யாரானாலும் பக்ஸம்தான். ஜான் ட்ரெவிசா என்ற பாதிரியார் தன் புரவலரிடம் 'உங்கள் கட்டளைக்கெல்லாம் பக்ஸம்' என்று சொன்னதை நீங்களே எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள்.

அடுத்த வரியில்தான் எனக்குச் சிக்கல். பழைய கல்யாணச் சடங்கில் மணப்பெண் 'படுக்கையிலும் பந்தியிலும் பக்ஸமாக இருப்பேன்' என்று வாக்குக் கொடுப்பாள், அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் இப்போதைய பொருள் வந்ததுபோல் தெரிகிறது என்கிறீர்கள். கேட்க ருசியான கதை. ஆனால் ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யில் பிஸ்டல் தன் சிப்பாய்த் தோழன் பார்டால்ஃபின் வீரத்தைப் 'பக்ஸம்' என்கிறானே, அங்கே படுக்கை ஏது, பந்தி ஏது? 1667இல் கவிஞர் மில்டன் காற்றையே அப்படிச் சொல்கிறார்; சிறகடித்தால் வழிவிடும் காற்று. இணங்கிப் போகிறவர் இனிமையானவர், இனிமையானவர் கலகலப்பானவர், கலகலப்பாக இருப்பவர் நல்ல ஆரோக்கியமாகத் தெரிவார், ஆரோக்கியம் என்றால் சதைப்பிடிப்பு. இப்படிப் படிப்படியாக நகர்ந்து வந்த சொல்லுக்கு ஒரு கல்யாணத்தை மட்டும் சாட்சிக்கு இழுப்பானேன்?

அந்த உறுதிமொழியில் வேறொரு விஷயம்தான் என்னை உறுத்துகிறது. பழைய சடங்கு நூல்களில் பக்ஸத்தோடு 'பொனேர்' என்று ஒரு ஜோடிச் சொல்லும் வரும். சாந்தமான, நற்குணமுள்ள என்று அர்த்தம். இன்றைய 'டெபோனர்' அதற்கு நெருங்கிய உறவு. இரண்டு குணத்தையும் அன்று மணப்பெண்ணிடம்தான் கேட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுப் பொது ஜெப நூல் இரண்டையும் எடுத்துவிட்டு, நேரடியாகக் 'கீழ்ப்படிவேன்' என்று சொல்ல வைத்தது. (பூசி மெழுகாமல் சொன்னதற்காவது பாராட்டலாம்!) 1645இல் அச்சான மில்டன் கவிதையில்கூட பக்ஸமும் டெபோனரும் மகிழ்ச்சி என்ற ஒரே தேவதைக்கு ஒரே வரியில் வருகின்றன.

பிறகு பாகப்பிரிவினை நடந்துவிட்டது. டெபோனர் இன்று பெரும்பாலும் ஆண்களுக்கு. ஹாலிவுட் நடிகர் கேரி கிராண்ட் மாதிரி, கோட் சூட்டில் நாசூக்காகப் பேசும் ஆளைச் சொல்வார்கள். அவனுக்குக் கிடைத்தது நடை, பேச்சு, பழகும் விதம். அவளுக்கு மிஞ்சியது உடம்பு மட்டும். இதற்கு எந்த மணமகளின் வாக்கும் காரணமில்லை. சொல்லை எடுத்து ஆண்டவர்களின் கண் எங்கே போனது என்பதுதான் காரணம் என்பது என் கட்சி.

குதிரையின் குளம்புக்குச் சற்று மேலே உள்ள பகுதியான 'பாஸ்டர்ன்' என்பதை அதன் முழங்கால் என்று தப்பாக எழுதிவிட்டு, ஒரு சீமாட்டி காரணம் கேட்டபோது 'அறியாமை அம்மணி, சுத்த அறியாமை' என்றவர் நீங்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அகராதியை அடிக்கடி புரட்டும் வாசகி