ஹோர்மோன் சிகிச்சை என்றாலே பயமா?

ஆசிரியருக்கு,

என் அக்காவுக்கு 51 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடமாகிறது. மார்கழிக் குளிரிலும் இரவு இரண்டு மணிக்கு வியர்வையில் தோய்ந்து எழும்பி, சட்டையை மாற்றிவிட்டு விடியும்வரை விறாந்தையில் இருப்பா. மாதவிடாய் நின்றபின் வரும் இந்தத் தொல்லையைக் குறைக்கும் ஹோர்மோன் சிகிச்சை பற்றிக் கேட்டால், "ஐயோ, அது புற்றுநோயைக் கொண்டுவரும்" என்றுதான் ஊரில் பதில்.

இந்தப் பயம் 2002இல் அமெரிக்காவில் இடைநடுவில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வோடு பரவியது. இந்தச் சிகிச்சையில் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டின் என்ற இரண்டு ஹோர்மோன் மருந்துகளையும் சேர்த்து எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய் கூடியது உண்மைதான்: 10,000 பேருக்கு வருடத்தில் 8 பேர் அதிகம். ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் குறைந்த, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு, தொல்லை கடுமையென்றால், பெரும்பாலும் ஆபத்தைவிட நன்மையே கூட என்கிறது இன்றைய மருத்துவம்.

எல்லோருக்கும் ஒத்துவராது, சரி. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே எடுத்தால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரலாம். கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற குளிசை இல்லை இது.

இதையெல்லாம் எங்களுக்கு யார் சொல்வது? கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்க்கும்போதே, "இரவில் நித்திரை வருகுதா அக்கா?" என்று ஒரு கேள்வி கேட்கலாமே. போருக்குப் பின் வன்னியில் குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்கள் பலர் இப்போது இந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

வாசகி,
மாங்குளம்