நாய்க்குட்டியின் மடிந்த இமைக்குச் சொட்டு மருந்து தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளில் வீட்டுக்கும் மாந்தோப்புக்கும் காவலாக லேப்ரடார், ராட்வீலர் போன்ற இனக் குட்டிகளை வாங்கி வளர்ப்போர் பலர். இவ்வினங்களில் பிறவியிலேயே வரக்கூடிய இமைக் குறைபாட்டைச் சாதாரணக் கண்வலி என்று எண்ணி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டுக் காலம் கடத்துவதைக் காணும் வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

இமை விளிம்பு உட்புறமாகச் சுருண்டிருக்கும் குட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குக் கீழே முடி எந்நேரமும் நனைந்து பழுப்பேறிக் கிடக்கும். கீழிமையை விரலால் மெல்லக் கீழே இழுத்தால் உள்ளே மடிந்திருந்த ஈர முடி வெளியே தெரியும். விரலை எடுத்ததும் மறுபடி சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அந்த முடி கருவிழியை உரச, நாளடைவில் புண் உண்டாகி, வெண்மை படர்ந்து, பார்வையே பறிபோகலாம். அந்த நிலையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால் புண் ஆழமாகிக் கருவிழியில் ஓட்டை விழும் அபாயம் உண்டு என்பதால், மருத்துவர் பாராமல் எந்த மருந்தையும் விடக்கூடாது. விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் மடிந்த இமையை நிமிர்த்தப் போவதில்லை.

கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, இமை வலியால் இறுகியிருக்கிறதா, அமைப்பிலேயே மடிந்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பிரித்தறிவார். சில வாரக் குட்டிகளுக்கு முகம் இன்னும் வளர வேண்டியிருப்பதால், தோலை வெட்டாமல் தற்காலிகத் தையல் போட்டு இமையை வெளிப்புறம் இழுத்து நிறுத்துவார்கள். தோல் மடிப்புகள் மிகுந்த ஷார்பே என்னும் நாய் இனத்தில் இது அடிக்கடி தேவைப்படுகிறது. முகம் முழு வளர்ச்சி பெற்ற பிறகே, விளிம்பையொட்டிப் பிறை வடிவில் சிறு தோல் துண்டை நீக்கித் தைப்பார்கள். அளவு மீறி வெட்டினால் இமை வெளியே தொங்கிவிடும் என்பதால், இதில் அனுபவமுள்ள கை அவசியம்.

அறுவைக்குப் பின் கண் சீராகத் தெரிந்தாலும் குறைபாடு வம்சவழியாகத் தொடரக்கூடியது. அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடுவது குட்டிகளுக்குச் செய்யும் கொடுமை. குட்டி வாங்குவோர் தாய், தந்தை நாய்களின் கண்களை நேரில் பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுவதையும் நினைவில் கொள்வது நல்லது.

பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் செலவு செய்ய எல்லோராலும் இயலாது. எனவே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் அறுவை சிகிச்சை வல்லுநர்களைக் கொண்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு கால்நடை மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளாவது கண் சிகிச்சை முகாம் நடத்த கால்நடை பராமரிப்புத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கிருஷ்ணகிரி.