சதவீதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் கல்வி இணைப்பில் மதிப்பெண் இல்லாத கல்லூரிகள் பற்றி வந்த கட்டுரையை எதிர்வீட்டுப் பையன்தான் கொண்டுவந்து காட்டினான். பிளஸ் டூ முடித்திருக்கிறான், சினிமா படிக்க ஆசை. "அத்தை, நீங்க படிச்ச காலேஜும் இப்படித்தானே? பரீட்சையே கிடையாதாம், ஜாலிதான்" என்றான். கட்டுரையும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. அப்படி ஒரு கல்லூரியில் நான்கு வருடம் குப்பை கொட்டியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் படித்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆம்ஹெர்ஸ்ட் ஊரிலுள்ள ஹாம்ப்ஷயர் கல்லூரியில், 1992 முதல் 1996 வரை. சுற்றுவட்டாரத்தின் நான்கு பழைய கல்விக்கூடங்கள் 1958இல் கூடிப்பேசிப் போட்ட திட்டம் அது. திறந்தது 1970இல். கிரேடு கிடையாது. வருடக் கணக்குக்குப் பதிலாக டிவிஷன் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்பில் மூன்று படிகள். மூன்றாவது முழுக்க நம் சொந்த வேலை. கட்டணம் மலைக்க வைக்கும் என்று கட்டுரை சொன்னது சரிதான். உதவித்தொகை கிடைத்திராவிட்டால் நான் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

நான் எடுத்துக்கொண்டது பரிசோதனைப் படம். கேமராவே இல்லாமல் ஒரு படம் செய்யச் சொன்னார்கள். வெளிச்சம் காட்டிக் கழுவிய கறுப்பு 16 மி.மீ. கலர் பிரின்ட் ஃபிலிமும் ஒரு தையல் ஊசியும்தான் கருவி. மேலாகக் கீறினால் பச்சைக் கோடு வரும். இன்னும் அழுத்தினால் மஞ்சள். அடிவரை போனால் வெள்ளை. வண்ணங்கள் ஃபிலிமில் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால் அப்படி. ஒரு ஃப்ரேம் சுண்டுவிரல் நகம் அளவுதான். அடிக்கு 40 ஃப்ரேம், விநாடிக்கு 24. மூன்று நிமிடப் படத்துக்கு 108 அடி, 4,320 ஃப்ரேம். ஒரு கோட்டைத் திரையில் ஒரு விநாடி நிறுத்த வேண்டுமென்றால் அதே இடத்தில் 24 முறை கீற வேண்டும். ஒரு முறைகூட அதே இடத்தில் விழாது. ஓடவிட்டால் கோடு நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகத்தான் இவ்வளவு பாடு என்பது ஆறு வாரம் கழித்தே எனக்கு உறைத்தது. (ஃபிலிம் மேலுள்ள ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது என்று ஊருக்கு எழுதிவைத்தேன். பெரியம்மா அதற்கப்புறம் என் பெட்டியைத் தொடவில்லை.)

பருவ முடிவில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆசிரியை தந்தது ஒன்றரைப் பக்க மதிப்பீட்டுக் கடிதம். முதல் 40 அடியில் நீ மூன்று வண்ணமும் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளத்தான் கீறினாய், கை ஓய்ந்த பிறகுதான் பார்க்கவே ஆரம்பித்தாய் என்று அதில் இருந்தது. அறுபது சதவீதம் என்று போட்டிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். அந்த ஒன்றரைப் பக்கம் இன்னும் தூங்கவிடுவதில்லை. இதுவா ஜாலி? பிடித்து வழிநடத்த ஆளில்லாமல் இரண்டு வருடத்தை வீணாக்கியவர்களும் எங்களோடு இருந்தார்கள், மறுக்கவில்லை.

உண்மையான கஷ்டம் ஊர் திரும்பிய பிறகு வந்தது. விரிவுரையாளர் வேலைக்கு, என் படிப்பு நம்மூர்ப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்று கேட்டார்கள். படிவத்தில் 'மொத்த மதிப்பெண் / சதவீதம்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டு, என் மதிப்பீடுகள் அத்தனையையும் நகலெடுத்து இணைத்தேன். எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் லெட்டர் மாதிரி இருக்கேம்மா, மார்க் ஷீட் எங்க?" என்றார். அவர்மேல் தப்பில்லை, கட்டம் அப்படி. மூன்று மாதம் கழித்து 'முழுமையற்றது' என்ற முத்திரையோடு எல்லாம் திரும்பி வந்தது. கல்யாண வீடியோ எடிட்டிங்கில் இறங்கினேன். ஃப்ரேம் எண்ணிப் பழகிய கை, சோறு போட்டது. தங்கள் கட்டுரையாளர் விசாரித்திருக்க வேண்டியது இந்தக் கட்டத்தைப் பற்றி.

ஒரு தகவல் பிழையும் உண்டு. ஹாம்ப்ஷயரிலிருந்து பெயர் சொல்லும்படி சினிமாக்காரர் யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி 1990இல் ஆவணத் தொடர் எடுத்த கென் பர்ன்ஸ் 1975இல் அங்கே பட்டம் பெற்றவர். புகைப்படக் கலைஞர் ஜெரோம் லீப்லிங்கிடம் பாடம் கேட்டவர். 2019இல் கல்லூரி பணமுடையில் தத்தளித்தபோது நிதி திரட்ட முன்னின்றவர்களில் ஒருவர். திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

எதிர்வீட்டுப் பையனிடம் என் பழைய டப்பாவிலிருந்து மூன்றடி கறுப்பு ஃபிலிமும் ஓர் ஊசியும் கொடுத்திருக்கிறேன். ஓடவிட்டால் ஐந்து விநாடி. நேற்று வரை ஒன்றரை அடி முடித்திருக்கிறான். இன்னும் பச்சையைத் தாண்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை