கீதாவுக்கு, பிடிஎஃப் வாங்குறதுக்கு முன்னாடி

அன்புள்ள கீதா,

எப்டி இருக்க? உன் மெசேஜ பாத்துட்டு அரை மணி நேரம் தனியா சிரிச்சிட்டு இருந்தேன், வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. ஹாஸ்டல்ல நான் பகடைய உருட்டும்போதெல்லாம் "இவளுக்கு முத்திப்போச்சு"ன்னு சொன்ன மகராசி நீ. இன்னிக்கு நீயே நாலு பேர சேத்துக்கிட்டு ஆர்பிஜி, அதான் ஆளுக்கொரு கேரக்டரா பகடை உருட்டி கதை விளையாடுற கேம் நடத்தப் போறியாம், அதுவும் ஜிஎம்மா, கதைய நடத்துற ஆளா உக்காரப் போறியாம். சந்தோஷம்டி, நெஜமாவே.

எங்க குரூப் இன்னும் உயிரோட இருக்கு. வியாழக்கிழமை ராத்திரி ஆன்லைன்ல தான். ஒருத்திக்கு குழந்தை பொறந்து ஆறு மாசமா வரல, அவ கேரக்டர ஒரு கோட்டைக்குள்ள தூங்க வெச்சிருக்கேன், எப்ப எழுப்புறதுன்னு அவளுக்கும் தெரியல எனக்கும் தெரியல.

சரி, கேட்டதுக்கு வரேன். "ரூல்புக் பிடிஎஃப் எல்லாம் எங்க சீப்பா கிடைக்கும், லிஸ்ட் அனுப்பு"ன்னு ஒத்த வரில கேட்டுட்ட. இத எங்கிட்ட கேக்குறது கடன்ல மூழ்கினவன்கிட்ட சேமிப்பு பத்தி கேக்குற மாதிரி. ஆனா மூழ்கினவனுக்குத் தானே ஆழம் தெரியும். போன ஞாயித்துக்கிழமை உனக்காகவே உக்காந்து எண்ணிப் பாத்தேன், என் ஹார்ட் டிஸ்க்ல ஆர்பிஜி ஃபோல்டர்ல அறுநூத்தி சொச்சம் பிடிஎஃப் இருக்கு. அதுல மேஜைல வெச்சு உருப்படியா ஓட்டினது ஒன்பது. மிச்சத்துல பாதிய திறந்துகூட பாத்ததில்ல. எல்லாமே "அடேங்கப்பா இவ்ளோ கம்மியா"ன்னு வாங்கினது தான். அதனால லிஸ்ட் வேணாம், நான் எங்கெங்க ஏமாந்தேன்னு சொல்றேன், நீயே புரிஞ்சுக்கோ.

முதல்ல, எதையும் வாங்காத. நீ பேய்க்கதை மாதிரி ஒண்ணு வேணும்னு சொன்னல்ல, அதுக்கு கால் ஆஃப் கத்துலுங்கற கேம் தான் பொருத்தம், அதோட குவிக்-ஸ்டார்ட்ட கேயோசியம் கம்பெனியே இலவசமா குடுக்குது. ஒரு ராத்திரி விளையாடத் தேவையான ரூல்ஸும் ஒரு முழு சாகசக் கதையும் அதுக்குள்ளயே இருக்கு, வேற எதுவும் வேணாம். இது ஒண்ணும் அதிசயம் இல்ல, நிறைய கம்பெனி இப்டி பண்றாங்க, ருசி காட்டி இழுக்குறது தான். சில பேரு இன்னும் தாராளம், முழு ரூல்புக்கையே சும்மா குடுத்துடுவாங்க. ஐயன்ஸ்வோர்ன்னு ஒண்ணு 2018ல வந்துச்சு, தனியா உக்காந்துகூட விளையாடலாம், பிடிஎஃப் முழுசும் ஃப்ரீ. வேர்ல்ட்ஸ் வித்தவுட் நம்பர்ங்கற கேமோட ஃப்ரீ வெர்ஷன் பாரு, காசு குடுத்து வாங்குற பல புக்க விட கனமா இருக்கும். பாத்ஃபைண்டர்ங்கற கேமோட ரூல்ஸ் எல்லாமே ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ்ங்கற சைட்ல சட்டப்படியே இலவசமா படிக்கலாம், முழு புக்க படிக்கிற மாதிரி இருக்காது, ரூல்ஸ் தான் முக்கியமா இருக்கும், ஆனா விளையாட அது போதுமே.

உன் குரூப்ல டிராகன் வேணும்னு அடம் பிடிக்கிற அந்த ஆள் விஷயம் கொஞ்சம் சிக்கல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் எடிஷன் மெயின் புக்குகள அத வெளியிடுற விசார்ட்ஸ் கம்பெனி பிடிஎஃப்பா விக்கிறதே இல்ல. யாராவது வித்தா அது திருட்டு காப்பி, அவ்ளோ தான். அவங்களோட டி அண்ட் டி பியாண்ட் சைட்ல வாங்கலாம், ஆனா அது உன் அக்கவுண்ட்டுக்குள்ள இருக்கும், கைல ஃபைலா வராது. முன்னாடி ஒரு மான்ஸ்டர், ஒரு கேரக்டர் வகைன்னு உதிரியா சில்லறைக்கு வாங்குற வசதி இருந்துச்சு, 2024ல அதையும் எடுத்துட்டாங்க, இப்ப முழு புக்கா தான் வாங்கணும். நல்ல சேதி என்னன்னா, 2023 ஜனவரில, மத்தவங்க இந்த ரூல்ஸ வெச்சு புக்கு எழுத அனுமதிக்கிற லைசென்ஸ மாத்தப்போறாங்கன்னு பெரிய கலாட்டா ஆச்சு, உலகம் பூரா ரசிகருங்க சண்டைக்குப் போனாங்க, கடைசில அவங்க இறங்கி வந்து அடிப்படை ரூல்ஸ் இருக்குற எஸ்ஆர்டிங்கற ஃபைல, யாரு வேணா பயன்படுத்தலாம்ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல விட்டுட்டாங்க. அத திரும்ப வாங்கிக்க முடியாது. அத இறக்கி வெச்சுக்கோ, அந்த ஆளுக்கு முதல் மூணு மாசத்துக்கு அது தாங்கும். பழைய எடிஷன் புக்குகள் மட்டும் டிஎம்ஸ் கில்ட்ங்கற சைட்ல பிடிஎஃப்பா கிடைக்கும், அது வேற கதை.

இதெல்லாம் ஓட்டிப் பாத்துட்டு, "இது தான் எங்க கேம்"னு ஒண்ணு மனசுல நின்னா அப்புறம் கடைக்குப் போ.

பெரிய கடைன்னா டிரைவ்த்ரூஆர்பிஜி. அங்க முழு விலைக்கு எதையும் அவசரப்பட்டு வாங்கக் கூடாதுங்கறது என் கொள்கை, நானே பல தடவ மீறியிருக்கேன்கறது வேற. மார்ச் ஆரம்பத்துல ஜிஎம்ஸ் டே சேல் வரும், ஜூலைல ஒண்ணு, ஹாலோவீனுக்கு ஒண்ணு, நவம்பர் கடைசில பிளாக் ஃப்ரைடே. ஆக வருஷத்துல எப்பவுமே அடுத்த சேல் நாலு மாசத்துக்குள்ள இருக்கு. வேணும்கறத விஷ்லிஸ்ட்ல போட்டு வெச்சிட்டு மறந்துடு, சேல் அன்னிக்கு அந்தப் பக்கத்த மட்டும் திற. கடையோட முதல் பக்கத்த திறக்காத, திறந்தா போச்சு. இதுல இன்னொரு லாபம், மூணு மாசம் கழிச்சு அந்த லிஸ்ட்ட பாக்கும்போது பாதி ஐட்டம் எதுக்குப் போட்டேன்னே ஞாபகம் வராது.

அடுத்து பண்டில், அதான் பல புக்க ஒரே கட்டா கம்மி விலைக்கு விக்கிறது. இங்க தான் என் கத முடிஞ்சது. ஹம்பிள் பண்டில் உனக்குத் தெரியும், அதுல அப்பப்ப ஆர்பிஜி புக்கு வரும், படிப்படியா விலை, மேல போகப் போக புக்கு ஜாஸ்தி, ஒரு பங்கு தர்ம காரியத்துக்குப் போகும். பண்டில் ஆஃப் ஹோல்டிங்ங்கற சைட் ஆர்பிஜிக்குன்னே இருக்கு, 2013ல ஆரம்பிச்சது. அதுல ஸ்டார்ட்டர்னு ஒரு கட்டு, அதுக்கு மேல போனஸ்னு ஒரு கட்டு. ஒரே கேமோட மெயின் புக்கும் துணை புக்குகளும் மொத்தமா வரும், அதனால ஒரு கேம முடிவு பண்ணினவங்களுக்கு இத மாதிரி லாபம் வேற எங்கயும் இல்ல. போனது திரும்ப வராதோன்னு பயப்படாத, பழைய கட்டுகள அவங்களே அடிக்கடி மறுபடி கொண்டு வருவாங்க. இது தெரியாம நான் கடைசி நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு பதறிப் பதறி வாங்கினது எத்தனையோ.

ஒரு கணக்கு சொல்றேன் கேளு. ஒரு தடவ இருபது புக்கு கட்டு, இருபத்தஞ்சு டாலர். புக்கு ஒண்ணுக்கு ஒண்ணே கால் டாலர் தானேன்னு குதிச்சு வாங்கினேன். அதுல நான் படிச்சது ஒண்ணே ஒண்ணு. அப்ப அந்த ஒரு புக்குக்கு நான் குடுத்த விலை இருபத்தஞ்சு டாலர்டி. அத தனியா சேல்ல வாங்கியிருந்தா பத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். உச்சகட்டம் என்னன்னா, ஃபோல்டர்ல போடப் போனா "இந்தப் பேர்ல ஃபைல் ஏற்கனவே இருக்கு, மாத்தவா?"ன்னு கம்ப்யூட்டர் கேக்குது. மூணு வருஷம் முன்னாடி வேற ஒரு கட்டுல அதே புக்கு வந்திருக்கு. அன்னிலேந்து வாங்குறதுக்கு முன்னாடி ஃபோல்டர்ல பேர போட்டுத் தேடிட்டு தான் பணம் கட்டுறது.

இன்னொரு தடவ, பேர் வேணாம், ஒரு பண்டில் வாங்கி, ஃபைல இறக்குறதுக்கு வந்த கோட மெயில்லயே விட்டுட்டேன், அப்புறம் பாத்துக்கலாம்னு. அந்த கோடுக்கு ஒரு கடைசி தேதி இருந்திருக்கு, கீழ பொடி எழுத்துல. போச்சு. வாங்கின அன்னிக்கே கோட போட்டு, ஃபைல இறக்கி, ரெண்டு இடத்துல வெச்சிடு. கடைல இருக்கு, எப்ப வேணா இறக்கிக்கலாம்னு நெனச்சா தப்பு. 2009 ஏப்ரல்ல விசார்ட்ஸ் கம்பெனி திருட்டு காப்பிய காரணம் காட்டி எல்லா கடையிலேந்தும் அவங்க பிடிஎஃப்ப ஒரே நாள்ல தூக்கிட்டாங்க, காசு குடுத்து வாங்கினவங்களே திரும்ப இறக்க முடியாம நின்னாங்க. மறுபடி விக்க ஆரம்பிச்சது 2013ல.

இட்ச்.ஐஓ பத்தி சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். தனி ஆளுங்க எழுதுற சின்னச் சின்ன கேம், ஒரு பக்க கேம் கூட இருக்கும். 2020 ஜூன்ல இன சமத்துவத்துக்காக ஒரு பண்டில் போட்டாங்க, குறைஞ்சது அஞ்சு டாலர், உள்ள 1,700க்கு மேல ஐட்டம், வீடியோ கேமும் டேபிள்டாப்பும் கலந்து. எண்பது லட்சம் டாலருக்கு மேல சேந்துச்சு. நானும் வாங்கினேன், இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கத்த ஸ்க்ரோல் பண்ணி முடிக்கல. ஆனா அங்க நீ பாக்க வேண்டியது கம்யூனிட்டி காப்பின்னு ஒண்ணு. காசு இல்லாதவங்க எடுத்துக்கட்டும்னு எழுதினவங்களே சில காப்பிய ஒதுக்கி வெச்சிருப்பாங்க, கேள்வி கேக்க மாட்டாங்க. கைல காசு இருக்குறப்ப நான் அத தொடுறதில்ல. இறுக்கமா இருந்த ஒரு வருஷம் ரெண்டு மூணு எடுத்தேன், வெக்கப்படல. அப்புறம் அதே ஆளோட அடுத்த கேம முழு விலைக்கு வாங்கினேன்.

இப்ப நீ கடைசில கேட்ட கேள்வி. "உங்கிட்ட இருக்குறத அப்டியே அனுப்பிவிடேன், டெலிகிராம்ல எல்லாம் சும்மா தானே சுத்துது." சுத்துது, தெரியும். நான் அனுப்ப மாட்டேன், கோச்சுக்காத. பாதி பிடிஎஃப்ல பக்கத்துக்குப் பக்கம் அடில என் பேரும் ஆர்டர் நம்பரும் அச்சடிச்சிருக்கு, ஆனா அதுக்கு பயந்து இல்ல. இதுல பல புக்க எழுதுறது, படம் தேடுறது, விக்கிறது எல்லாம் ஒரே ஆள் தான். என் வியாழக்கிழமை ராத்திரிய இத்தன வருஷமா நிரப்பிக் குடுத்தது அவங்க தான்டி. உனக்கு ஒண்ணு பிடிச்சுப்போச்சுன்னா சொல்லு, பொறந்தநாளுக்கு வாங்கித் தரேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ப்ரிவ்யூவ கட்டாயம் திறந்து பாரு, அதுவும் நீ எதுல படிக்கப் போறியோ அதுலயே. நான் ஒரு புக்க சேல்ல வாங்கி ஃபோன்ல திறந்தேன், ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னாடி பழைய தோல் மாதிரி ஒரு படம், ரெண்டு காலம் எழுத்து, ஒரு பக்கம் வர்றதுக்குள்ள நாலு மூச்சு விட்டுடலாம். புக்மார்க்கும் இல்ல. விளையாட்டு நடுவுல ஒருத்தி "கீழ விழுந்தா எவ்ளோ அடி"ன்னு கேட்டா, நான் விரல வெச்சு தள்ளிக்கிட்டே இருக்கேன், அவ கேரக்டர் அந்தரத்துல தொங்கிக்கிட்டே இருக்கு. கடைசில நானே வாய்க்கு வந்த ஒரு நம்பர சொல்லி விழ வெச்சேன். சில புக்கோட கலர் படம் இல்லாத பிரிண்ட் வெர்ஷனும் சேத்துக் குடுப்பாங்க, அது இருந்தா விடாத.

ஆன்லைன்ல விளையாடுறதா இருந்தா ஒண்ணு. பிடிஎஃப் வாங்கினா அதுல இருக்குற ரூல்ஸ், ரோல்20 மாதிரி ஆன்லைன்ல சேந்து விளையாடுற சைட்ல தானா வேலை செய்யாது, அதுக்கு பெரும்பாலும் அங்க தனியா இன்னொரு தடவ வாங்கணும். நீங்க நேர்ல தான் உக்காரப் போறீங்கங்கறதால உனக்கு இந்தக் கவலை இல்ல. அச்சு புக்கே வேணும்னா, கடைல வாங்கும்போது பிட்ஸ் அண்ட் மார்ட்டர்ங்கற திட்டத்துல அந்தக் கடையும் அந்தப் பதிப்பாளரும் இருக்காங்களான்னு கேட்டுக்கோ, இருந்தா பிடிஎஃப் இலவசமா வரும், அத விட நல்ல டீல் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ரொம்ப நீளமா போயிடுச்சு, நீ லிஸ்ட் கேட்டதுக்கு. இன்னிக்கு ராத்திரி அந்த குவிக்-ஸ்டார்ட்ட மட்டும் இறக்கு, நாலு கேரக்டர் ஷீட் பிரிண்ட் எடு, பகடை ஃபோன் ஆப்லயே உருட்டிக்கலாம். விளையாடி முடிச்சதும் எழுது. யாரு முதல்ல செத்தாங்கன்னு தான் எனக்குத் தெரியணும், என் பந்தயம் அந்த டிராகன்காரர் மேல.

அன்போட,
உன் பழைய ரூம்மேட்